ஒரு கரண்டித் தூளும் என் சிறுநீரகமும்

நான் ஐந்து கிழமை சிறுநீரக நோயாளியாக இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கலகலப்பான காலம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. அதில் ஒரேயொரு குறை, எனக்குச் சிறுநீரக நோய் இருக்கவில்லை.

இதை எழுதும்போது இப்போதும் முகம் சூடாகிறது. ஆனால் எங்கள் ஊரான இணுவிலில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்கள் சொல்லும்போது நான் செத்துப் பிழைத்ததாகவும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அரைக்கும் மில்லில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் நிறுத்துப் பொதி செய்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை (ஏன் என்று கேட்டவர்களும் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்). ஒரே தம்பி கனடாவில். கடைசியாக அவன் வந்துபோய்ப் பதினொரு வருடம். மாதம் ஒருமுறை தொலைபேசி எடுப்பான். சுகமோ என்பான், சுகம் என்பேன். அங்கே குளிரோ என்பேன், குளிர்தான் என்பான். மூன்று நிமிடத்தில் எங்கள் பாசம் தீர்ந்துவிடும். அவன்மேல் பிழை இல்லை, எனக்குத்தான் கதைக்க வராது. மில் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்தது.

வினை காஸ் சிலிண்டர் உருவத்தில் வந்தது. தனியாக இருக்கிற வீட்டில் எந்தப் பொருளுக்கும் மற்றப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. கட்டிலும் அலுமாரியும் வைத்த இடத்திலேயே இருந்து கிழடாகும். ஒருநாள் சிலிண்டர் கொண்டுவந்தவர், நான் வேலையால் வருவதற்கு முன்பே அதைக் கேற்றடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவைக் கூப்பிட வெட்கம். அக்காவை இருபது வருடமாகத் தெரியும். தண்ணீர்த் தாங்கி வழிந்தால் மதிலுக்கு மேலால் "பிள்ளை, தண்ணி" என்பார். நான் "ஓம் அக்கா" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். ஆகவே மூன்று நாள் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். நாலாம் நாள் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து அடி அடியாகக் குசினிக்குக் கொண்டுபோனேன். நடுமுற்றத்தில் மூச்சுவாங்க நின்றபோது, நான் கடைசியாக எதையாவது இப்படிக் கட்டிப்பிடித்தது எப்போது என்று யோசித்தேன்.

அடுத்த கிழமை பக்கத்து ஊரான உடுவிலில் பெண்களுக்கென்று நடக்கிற ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். ஊரார் காணக்கூடாது என்று கையில் குடையும் சந்தைப் பையும் கொண்டு போவேன். பைக்குள் மேலே ஒரு முருங்கைக்காய் தெரியும்படி இருக்கும் (ஒரே முருங்கைக்காய் நாலு நாள் ஓடியது). அங்கே சொல்லித்தருகிறவர் சுகந்தி ரீச்சர், இரண்டு பிள்ளைகளின் தாய். நிலத்தில் குப்புற விழுந்து, எழும்பி, நிமிர்ந்து, மறுபடி விழுகிற ஒரு பயிற்சியில் என்னைப் பிழிந்தெடுத்தார்.

மூன்றாம் மாதம் ரீச்சர் ஒரு வெள்ளைத் தூளைக் காட்டினார். கிரியேற்றின் என்று பெயர்.

"அன்ரி சைவமோ?"

"ஓம்."

"இது மீன் இறைச்சியிலை கிடைக்கிற சத்து. சைவக்காரருக்கு உடம்பிலை கொஞ்சம் குறைவாய்த்தான் இருக்கும்."

நான் பின்வாங்கினேன். ரீச்சர் சிரித்துவிட்டு, இந்தத் தூள் தொழிற்சாலையில் செய்கிறது, மீனைக் கண்ணாலும் காணாதது என்றார். ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி போதும், கூடக் குடித்தால் வயிறு குழம்பும், ஒன்றிரண்டு கிலோ நிறை ஏறினால் அது தண்ணீர்தான், பயப்படக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

தூளைப் பேணியில் போட்டுச் சாமியறையில் திருநீற்றுப் பேணிக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தேன். யாரும் வராத வீட்டில் யாருக்கு ஒளித்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சிலிண்டர் கைக்கு அடங்கத் தொடங்கிய நேரத்தில், சனசமூக நிலையத்தில் இலவச இரத்தப் பரிசோதனை வைத்தார்கள். நானும் கொடுத்தேன். முடிவுகளைப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டவர் கடிதத்தைத் தரமுன்னம் வாசித்துவிட்டு, "வசந்தா அக்கா, கிரியேற்றினின் கூடக் காட்டுது. கிட்னியைப் பாக்கச் சொல்லிக் கிடக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மண்டபத்தில் அப்போது வேறு யாரும் கதைக்கவில்லை.

பூமணி அக்கா எனக்குப் பின்வரிசையில் இருந்தார்.

அடுத்த நாளே அக்கா ஓட்டோ பிடித்து என்னை டொக்டரிடம் கொண்டுபோனார். அறைக்குள்ளும் கூடவே வந்தார். டொக்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஏதும் குளிசை எடுக்கிறனீங்களோ என்று கேட்டார். இல்லை என்றேன். நாட்டு மருந்து? இல்லை. சத்து மா, தூள், அப்படி ஏதும்? அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பது வயதுக் குமர் மாப்பொதி செய்கிற கையால் இரும்பு தூக்குகிறாள் என்று எப்படிச் சொல்வது? "இல்லை" என்றேன். இரண்டு கிழமை விட்டு மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன், இன்னும் கூடியிருந்தது. கூடாமல் என்ன செய்யும்? அந்தப் பயத்தில், உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று ஒன்றரைக் கரண்டி குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. அப்பிளும் தோடம்பழமும் வந்தன. வந்தவர்களில் பாதிப்பேர் பழம் கொண்டுவந்தார்கள். மற்றப் பாதிப்பேர் கிட்னிக்குப் பழம் கூடாது என்று அதை எடுத்துக்கொண்டு போனார்கள். கதிரை போதாமல் சனசமூக நிலையத்திலிருந்து நாலு கதிரை இரவல் வந்தது. என் வீட்டுக் கேற்றுக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. சாவதற்குப் பயமாக இருந்தது. ஆனால் பின்னேரமானால் முகம் கழுவி, தலை இழுத்து, யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

பூமணி அக்கா தினமும் வந்தார். வந்ததும் சாமியறைக்குப் போய் எனக்காக உருகிக் கும்பிட்டுவிட்டு, திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசி, "வாயைத் திற பிள்ளை" என்று நாக்கிலும் ஒரு சிட்டிகை போடுவார். தன் வாயிலும் போட்டுக்கொள்வார். மூன்றாம் நாள், "திருநீறு ஏன் பிள்ளை நறுநறுக்குது?" என்று கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. பேணி மாறியிருந்தது. வாயை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

தம்பிக்குப் பூமணி அக்காதான் சொல்லியிருந்தார். அவன் தினமும் காலை ஆறு மணிக்கு எடுக்கத் தொடங்கினான். இரண்டாம் பரிசோதனைக்குப் பிறகு ஒருநாள், "அக்கா, எனக்கு ரெண்டு கிடக்குது. ஒண்டை நீங்கள் எடுங்கோ" என்றான்.

டொக்டர் அவ்வளவு தூரம் போகவில்லை என்றேன். தான் போய்விட்டதாகச் சொன்னான். இரத்த வகை பார்த்தாயிற்று, குடியை விட்டாயிற்று, அடுத்த வெள்ளிக்கிழமை விமானம்.

நான் போனை வைத்துவிட்டு அவனுடைய பழைய அறையைத் திறந்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். கட்டிலைத் தனியாளாகத் தூக்கி ஜன்னலடிக்கு மாற்றினேன் (கிட்னி போனவள் கட்டில் தூக்குவதை யாரும் காணவில்லை). வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். வரட்டும், ஒரு நேரம் என் கையால் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம். ஐந்து நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எடுத்தபோது அவன் குரல் சின்னதாக இருந்தது. "எனக்கும் கொஞ்சம் பயம்தான் அக்கா. ஊசியெண்டாலே கட்டிலுக்குக் கீழை ஒளிக்கிறவன் எல்லோ நான்."

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. பேணியைச் சந்தைப் பையில் போட்டு, மேலே முருங்கைக்காயும் வைக்காமல், தனியாக டொக்டரிடம் போனேன்.

அவர் பேணியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்தத் தூள் உடம்புக்குள் போய்க் கடைசியில் கிரியேற்றினின் என்கிற கழிவாகத்தான் வெளியே வருமாம். கிட்னி பழுதானாலும் இரத்தத்தில் அது கூடும், இந்தத் தூளைக் குடித்தாலும் கொஞ்சம் கூடும். தசை வைத்தாலும் கூடும். அந்த ஒரு இலக்கத்தை மட்டும் வைத்துக் கிட்னி பழுது என்று சொல்ல முடியாது. சிறுநீரைச் சோதித்தார், ஸ்கானும் எடுத்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. சுகமாக இருக்கிற ஆளுக்கு அளவோடு எடுத்தால் இது கிட்னியைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்றார். ஆனாலும் மூன்று கிழமை நிறுத்திவிட்டு, உறுதி செய்ய இன்னொரு தரம் இரத்தம் எடுக்கச் சொன்னார்.

"உங்கடை கிட்னிக்கு ஒரு வருத்தமும் இல்லை அம்மா. வருத்தம் வாய்க்குத்தான். கேக்கிறபோது திறக்குதில்லை."

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக நானே தம்பிக்கு எடுத்தேன்.

"தம்பி, எனக்குக் கிட்னியிலை ஒண்டுமில்லை. நான் ஜிம்முக்குப் போறனான்."

"ஆர்?" என்றான்.

"நான்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். அவன் மனைவி வந்து என்னவென்று கேட்பதும், அவள் சிரிப்பதும் கேட்டது. பிறகு அவன் அழுதான் என்று நினைக்கிறேன், மூக்கைச் சீறினான். நாற்பது நிமிடம் கதைத்தோம். முருங்கைக்காய்க் கதையையும் சொன்னேன். முடிவில், "அப்ப அடுத்த வருசம் பாத்து வாறன் அக்கா" என்றான். லீவு கஷ்டப்பட்டு எடுத்ததாம்.

"ஓம் தம்பி" என்றேன். மெத்தையை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே போட்டேன்.

மூன்று கிழமையில் இரத்தமும் சரியாக வந்தது. இரவல் கதிரைகள் திரும்பிப் போயின. கேற்று மறுபடி ஊமையாகியது.

பூமணி அக்கா மட்டும் விடவில்லை. எனக்குச் சுகம் வந்தால் தேரன்று நான் அடியழிப்பேன் என்று கந்தசுவாமியாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். அடியழிப்பது என்றால், தேருக்குப் பின்னால் வீதி முழுக்க, ஓரடி வைத்து நிலத்தில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடி வைத்து மறுபடி விழுவது. வருத்தமே இருக்கவில்லையே அக்கா என்று கெஞ்சினேன்.

"இருந்ததோ இல்லையோ, அதை நீ முருகனோடை கதை. நான் கேட்டன், அவர் தந்திட்டார்."

தேரன்று விழுந்தேன், எழும்பினேன். என்னோடு தொடங்கிய பெண்கள் தெற்கு வீதியில் ஒவ்வொருவராகக் களைத்து இருந்துவிட்டார்கள். எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. ஊரே ஒதுங்கி நின்று பார்த்தது. சனத்துக்குள் இருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "அன்ரி, முதுகை நேராய் வையுங்கோ."

இப்போதும் நான் அந்தத் தூளை எடுக்கிறேன், ஒரு கரண்டிதான். இரத்தம் எடுக்கப் போனால் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவேன். பூமணி அக்கா மதிலுக்கு மேலால் "பிள்ளை, காஸ் வந்திட்டுது" என்பார், போய்த் தூக்கி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வருவேன்.

தம்பி இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் என்கிறான். ஆனால் ஞாயிறு தவறாமல் எடுக்கிறான். சுகமோ என்று கேட்பதில்லை. அவன் மட்டுமல்ல, அவன் பிள்ளைகளும் பின்னால் நின்று சேர்ந்து சொல்கிறார்கள்:

"அக்கா, உங்கடை கிட்னி இஞ்சை சுகமாய்த்தான் இருக்குது. தேவையெண்டால் சொல்லுங்கோ, கொண்டு வாறன்."

இப்போதைக்குத் தேவையில்லை, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்வேன். ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்லும்போது, தேவை என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தால் என்ன என்று நினைப்பேன்.