கீழ்மடைச் சங்கு

கீழ்மடை என்றொரு நாடு. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது; தேடாமல் இருந்தால் காலடியிலேயே கிடக்கும். அந்த நாட்டு மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள், மீதி நாளெல்லாம் கைதட்டுவார்கள். நாட்டின் உச்சியில் ஒரு பேரேரி இருந்தது. அதன் கரைக்கு நேர் கீழே பள்ளத்தெரு. ஏழைபாழைகள் பள்ளத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. என்னவோ அப்படி அமைந்துவிட்டது.

உமையாள் பள்ளத்தெருக்காரி. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஏரிக்கரை உடைந்து அம்மாவையும் அப்பாவையும் தண்ணீர் கொண்டுபோயிற்று. அக்கா வள்ளியம்மைதான் இட்லி விற்றுத் தங்கையைப் படிக்கவைத்துக் கடல் தாண்டி அனுப்பினாள். போன இடத்தில் உமையாள் கற்றுக்கொண்டது ஒரே வித்தை: வெள்ளம் வருமுன் ஊரை எழுப்பிவிடும் கருவி செய்வது. யார் யாருடைய ஊரையோ காப்பாற்றினாள். அக்காவின் தெரு மட்டும் பாக்கி. அந்த நினைப்பு அவளைச் சரியாகச் சாப்பிடக்கூட விடவில்லை.

அந்த நேரம் பார்த்து மன்னர் அறிவித்தார்: "கடல் கடந்த எம் கண்மணிகளே, வருக! உங்கள் அறிவும் எம் அரசும் கைகோக்கட்டும்!" உமையாள் இருந்த வேலையை உதறிவிட்டு அடுத்த கப்பலில் ஏறினாள். துறைமுகத்தில் மேளம், மாலை, பொன்னாடை.

"அம்மையார் கருவியைச் செய்து கொடுங்கள். மற்றதை அரசு பார்த்துக்கொள்ளும்" என்றார் முன்னேற்ற அமைச்சர் அடைக்கலநாதர். அந்த 'மற்றது' என்ன என்று அவள் கேட்டுவைத்திருக்கலாம். எங்கே! மாலையின் வாசம் மூக்கை அடைத்திருந்தது.

கருவி எளிமையானது. ஏரிக்குள் ஓர் அளவுகோல், கரையில் உயர்ந்த கம்பம், உச்சியில் ஒரு சங்கு, கம்பத்தடியில் கையில் பிடித்துப் பேச ஓர் ஒலிபெருக்கி. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் சங்கு தானாக அலறும். பள்ளத்தெரு எதிரிலிருக்கும் கல்மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான். கம்பம் நட்ட அன்றே முதல் ஆணை வந்தது. காலங்காலமாகக் கரையைக் காவல் காத்துத் தப்படித்து ஊரை எழுப்பிய காவலர்களுக்கு ஓய்வு. விஞ்ஞானம் வந்தபிறகு மனிதக் கண் எதற்கு?

திறப்பு விழாவுக்கு முன்னால் அமைச்சர் சங்கை அண்ணாந்து பார்த்தார். "இது ஊதினால் தெருவே எழுந்து ஓடிவருமோ?"

"வரும், ஐயா. அதுக்குத்தானே செஞ்சிருக்கேன்."

"மன்னர் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாது, அம்மையார். ஒரே ஒருமுறை ஊதிப் பார்ப்போமே."

உமையாளுக்கு நெஞ்சு கொஞ்சம் உறுத்தியது. ஆனால், அவள் இருந்து வந்த நாட்டில் மாதம் ஒருமுறை ஒத்திகை நடக்கும். ஊருக்குப் பழக்கமானால் நல்லதுதானே என்று தலையாட்டிவிட்டாள். சறுக்கியது அங்கேதான்.

மன்னர் பிறந்தநாளுக்குச் சங்கு ஊதியது. மன்னரின் மைத்துனர் பிறந்தநாளுக்கும் ஊதியது. அடிக்கல் நாட்டினால் ஊதியது, நாட்டிய கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் நாட்டினாலும் ஊதியது. வந்தவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம். நாளடைவில் பொட்டலத்திலிருந்து கறி காணாமல் போனது, பிறகு முட்டையும் போனது, கூட்டமும் இளைத்தது. சங்கொலி கேட்டும் வராத வீட்டுக்கு ரேஷன் கிடையாது என்று அடுத்த ஆணை. அதற்கும் கூட்டம் போதவில்லை. ஒருநாள் அமைச்சரே ஒலிபெருக்கியைப் பிடித்து, "வெள்ளம்! வெள்ளம்! கல்மேட்டுக்கு ஓடுங்கள்!" என்று கத்தினார். சனம் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடியது. போய்ப் பார்த்தால் மேட்டில் பந்தல், மேடை, மேடையில் மன்னர்.

"ஐயா, இனிமே ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்று பதறினாள் உமையாள்.

"நம்பாவிட்டால் என்ன? வந்தார்களா இல்லையா?"

"வெள்ளத்துக்குன்னு தனியா இன்னொரு சங்காவது வையுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஒரு நாட்டுக்கு இரண்டு சங்கா? அது பிரிவினை, அம்மையார்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டு நீலக் கதவைத் தட்டினாள். வள்ளியம்மை முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இனி அது ஊதினா நான் வாசப்படி தாண்ட மாட்டேன். ரேஷன நிறுத்தினா நிறுத்தட்டும்."

"அப்படிச் சொல்லாதக்கா. என்னைக்காவது நெசமா ஊதும்."

"நெசத்துக்கு வேற சத்தம் வெச்சிருக்கியாடி?"

உமையாள் படியிறங்கிக் கரைப்பக்கம் நடந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டிய ஒரு மத்தியானம், தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சங்கு அலறியது. கரைமேலிருந்து உமையாள் கீழே எட்டிப் பார்த்தாள். ஒரு குஞ்சு குளுவான்கூட அசையவில்லை. டீக்கடைக்காரர் மாசிலாமணி அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள். "வெள்ளம் வருது! நெசமாவே வருது! மேட்டுக்கு ஓடுங்க!"

"போன தடவையும் இதத்தானேம்மா சொன்னீங்க!" என்றார் மாசிலாமணி.

"'நெசமாவே'ங்கறது மட்டும் புதுசு!" என்று யாரோ சொல்ல, கடையே சிரித்தது.

காலடியில் கரை கசிந்தது. சேறு குமிழ்விட்டது. உமையாள் ஒலிபெருக்கியை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டையைச் செருமி, அமைச்சரின் ராகத்திலேயே ஆரம்பித்தாள்: "அன்பார்ந்த பொதுமக்களே! கல்மேட்டில் மன்னர் உரையாற்றுகிறார்! இன்று கறி பிரியாணி! முதலில் வருபவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பொட்டலம்!"

தெரு திமுதிமுவென்று கிளம்பியது. கிழவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடியது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை. ஆங்காங்கே ஒன்றிரண்டு கதவுகள் திறக்கவே இல்லை. அதில் ஒன்று நீலக் கதவு. அக்காவுக்குக் குரல் கேட்டிருக்கும். தங்கையின் குரல்தான் என்றும் தெரிந்திருக்கும்.

"அக்கா! ஐயோ அக்கா!"

கரைச்சரிவில் உருண்டு புரண்டு ஓடினாள். மேட்டை ஒட்டிய தெருமுனையை எட்டும்போது முதுகுக்குப் பின்னால் கரை விட்டுக்கொடுத்தது. கடைசி ஆளாக மேடேறிக்கொண்டிருந்த மாசிலாமணி இறங்கி வந்து அவள் கூந்தலைப் பிடித்து மேலே இழுத்தார். அவள் அவரைக் கடித்தாள், பிராண்டினாள்; அவர் விடவில்லை. மேட்டில் "பொட்டலம் எங்க?" என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கீழே பார்த்தார்கள். தெரு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் இரங்கல் கூட்டம். மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழங்கினார்: "எம் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. வராதவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எம் ஆட்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

சனம் கைதட்டியது. முதல்முறையாக மனசார.

உமையாள் மேடையேறி ஒலிபெருக்கியைப் பற்றினாள். "கூட்டமே இல்லைங்க! நான்தான் பொய் சொன்னேன். நெசத்தைச் சொன்னப்ப நீங்க வரலை. எங்க அக்கா..."

"அம்மையாருக்குத் தன்னடக்கம்!" என்று அமைச்சர் பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டல் இன்னும் ஓங்கியது. நாட்டின் ஏரிகளுக்கெல்லாம் சங்கு வைக்க அன்றே ஆணை பிறந்தது. அதைச் செய்யக் கடல் கடந்த கண்மணிகள் அடுத்த கப்பலில் வந்து இறங்கினார்கள். துறைமுகத்தில் மேளம் கேட்டது.

உமையாள் கப்பலேறவில்லை. சேற்றில் கிடந்த நீலக் கதவைத் தேடியெடுத்து, அக்கா வீடு இருந்த இடத்தில் ஒரு குடிசை போட்டு அதில் மாட்டினாள். கரையும் கம்பமும் திரும்ப எழுந்தன, தெருவும் பழைய பள்ளத்திலேயே குடியேறியது. அதற்குப் பிறகு கீழ்மடையில் எந்தக் கூட்டத்துக்கும் ஆள் குறைந்ததில்லை. தேர்தல் வந்தது, மன்னரே திரும்ப வந்தார். அவருக்குப் பின்னால் மழையும் வந்தது.

கொட்டுகிற மழையில் ஒருநாள் சங்கு அலறியது. தெரு அடித்துப் பிடித்து ஓடியது.

மாசிலாமணி கதவைத் தட்டினார். "எம்மா, வாங்கம்மா! போகாதவங்க செத்துப்போவாங்க!"

உமையாள் தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றாள். கூட்டமா, தண்ணீரா என்று சங்கைச் செய்தவளுக்கே தெரியவில்லை.