அடுத்த திங்கள் மேலே போகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஏறுகிறவர்களும் அல்லர், இறங்குகிறவர்களும் அல்லர், ஏறப்போகிறவர்கள். பாரிஸின் லா சப்பலில் மெத்ரோவை விட்டிறங்கி, ரூ காய் என்கிற தெருவின் முனையில் நடைபாதையை அடைத்து நிற்கும் மரக்கறிப் பெட்டிகளைத் தாண்டி, எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும் இந்த இனத்தில் ஒருவராவது சுவரோரமாக, கைத்தொலைபேசியைக் கோப்பைக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கியபடி உட்கார்ந்திருப்பார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் போன வருடம் வந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்தவர்களில் இந்த இனத்தின் அசல் பிரதிநிதி கனகசுந்தரம் அண்ணை. ரூ காயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்காரர், வீடு புறநகரான ஆர்ஜொந்தெயில், திங்கட்கிழமை ஓய்வு. அடுப்புக்கு முன்னால் அவர் யோசித்து யாரும் பார்த்ததில்லை. கொத்து ரொட்டிக்கு உப்பு அள்ளுகிற கை அளந்து அள்ளாது, ஆனால் ஒருநாளும் பிழை விட்டதில்லை. அதே மனிதர் திங்கள் பின்னேரம் இணையத்தில் போக்கர் போட்டிக்கு உட்கார்ந்தால் வேறு ஆள். போட்டி என்றதும் சரவிளக்குத் தொங்குகிற மண்டபம் எதையும் கற்பனை செய்யாதீர்கள். நுழைவுக் காசு கட்டினால் எல்லோருக்கும் ஒரே அளவு பந்தய வில்லைகள் தருவார்கள். வில்லை தீர்ந்தவர் வெளியே. கடைசிவரை தாக்குப்பிடிக்கிற சிலர் பரிசைப் பங்குபோடுவார்கள். இரண்டு யூரோ போட்டி உண்டு, ஐந்து யூரோ உண்டு, அதற்கு மேலும் உண்டு. மேலே போகப்போகப் பரிசும் பெரிது, ஆட்களும் விண்ணர்கள். அண்ணை ஆறு வருடமாக இரண்டு யூரோவில் இருக்கிறார். ஐந்துக்கு எப்போது போவது என்பதைத்தான் ஆறு வருடமாக யோசிக்கிறார்.

மேலே போவதற்கு விதி இருக்கிறது என்பார். நுழைவுக் காசைப்போல் நூறு மடங்கு கைமுதல் வேண்டுமாம். நியாயமான விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நூறு மடங்கு சேர்ந்த வாரம் விதி நூற்றைம்பது மடங்காகிவிட்டது. அதுவும் சேர்ந்தபோது, வென்றதில் கெட்டித்தனம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் போவது புத்தியா என்று தேநீர்க் கடையில் எங்களையே திருப்பிக் கேட்டார். தோற்றுக்கொண்டிருந்தால், தோற்கிற நேரத்தில் யாராவது மேலே போவார்களா? வென்றுகொண்டிருந்தால், வெல்கிற இடத்தை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா? வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்றால் நிலைமை தெளிவில்லை. எல்லாவற்றுக்கும் முடிவுரை ஒன்றுதான்: "பொறுங்கோ, இன்னும் கொஞ்சம் படியட்டும்." என்ன படிய வேண்டும் என்று கேட்டால், தேநீரில் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்ப்பார்.

ஆனால் மற்றவர்கள் எப்போது மேலே போகவேண்டும் என்பதில் அவரைவிடத் தெளிவானவர் பாரிஸில் இல்லை. அதே குசினியில் வேலை செய்யும் மிதுசன், வன்னியிலிருந்து வந்து அதிக நாள் ஆகாதவன், ஒருவரையும் கேட்காமல் நேரே பத்து யூரோ போட்டிக்குப் போய், கட்டியதெல்லாம் போனதும், சரி இது நமக்குச் சரிவராது என்று அந்தச் செயலியையே அழித்துவிட்டான். இப்போது ஞாயிறுகளில் கிரிக்கெட் விளையாடுகிறான், உடம்பும் தேறியிருக்கிறது. அவன் மறந்துவிட்டான், அண்ணை மறக்கவில்லை. எவர் எந்தக் காரியத்தைத் தொடங்கப் போவதாகச் சொன்னாலும், கடை திறக்கிறவராகட்டும், கலியாணம் பேசுகிறவராகட்டும், "மிதுசனுக்கு நடந்தது தெரியும்தானே" என்று தொடங்கிவிடுவார். பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மிதுசன் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டிருப்பான்.

இதில் உண்மையாக இழப்பது யார் என்று கேட்டால், அவர் மனைவி ரதிதேவி. இதே தெருவில் சேலைக் கடையில் வேலை. அவருக்கும் திங்கள்தான் ஓய்வு. வாகனம் ஓட்டப் பழக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வேலை முடிந்து சான்-லசார் நிலையத்தில் ரயிலுக்கு ஓடி, குளிரில் நின்று, அலுத்துவிட்டது. அதற்கு முதலில் 'கோட்' என்கிற வீதி விதிகள் பரீட்சை இருக்கிறது. ஒருமுறை போய்த் தோற்றுவிட்டார். பிரெஞ்சுக் கேள்விகளை விளங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும். அந்த ஆள், இருபது வருடமாகப் 'பெர்மி' என்கிற சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிற கனகசுந்தரம், திங்கள் தோறும் வீட்டில் அதே கதிரையில்தான் இருக்கிறார், இரண்டு யூரோ மேசையைப் பார்த்தபடி. ஒருநாள் ரதிதேவிக்குப் பொறுமை அற்றுப்போயிற்று.

"இஞ்சேருங்கோ, அடுத்த திங்கள் மேலை போங்கோ. போனால் நான் வாயே திறக்கமாட்டன். போகேல்லையெண்டால், இனித் திங்கள் பின்னேரம் முழுக்க என்ர கோட்டுக்கு."

அண்ணை சம்மதித்தார். வேறு வழி? மறுநாளே ரதிதேவி இதைச் சேலைக் கடையில் சொல்லிவிட்டார், அங்கே சொன்னால் ரூ காய்க்கே சொன்ன மாதிரி. தக்காளி நிறுக்கிறவர்கூடத் திங்கள் எப்படி என்று விசாரித்தார். ஆறு வருடம் பேசிய பேச்சு முழுவதும் இப்போது அண்ணையின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது, பாவம்.

சரி, போவதென்று ஆகிவிட்டது. சும்மா போகலாமா? குசினிச் சுவரில் பலசரக்குக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த நாட்காட்டியில் சுபநேரம் பார்த்தார். அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்தது என்று ஒரு சந்தேகம் வந்தது. பாரிஸில் பொழுதுபடுகிற நேரத்தை வைத்து, மத்தியானச் சாப்பாட்டு அவசரத்துக்கு நடுவிலும் தானே திருத்திக் கணித்தார். சுபநேரம் இரவு எட்டே முக்காலுக்குத் தொடங்கியது. போட்டி தொடங்குவது எட்டு மணிக்கு. ஆனால் ஒன்பது மணிவரை பிந்தி வருகிறவர்களையும் சேர்ப்பார்கள். ரயில் தவறியவர்களுக்காக வைத்த சலுகை அது. சுபநேரத்துக்காக அதைப் பயன்படுத்திய முதல் மனிதர் எங்கள் அண்ணையாகத்தான் இருக்கவேண்டும்.

அந்தத் திங்கள் பின்னேரம் குளித்து, திருநீறு பூசி, சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, எட்டே முக்காலுக்கு ஐந்து யூரோ கட்டி உள்ளே போனார். ரதிதேவி கோட் புத்தகத்தோடு சோபாவில். லிசே என்கிற உயர்பள்ளியில் படிக்கும் மகள் ரூபிகா தன் தொலைபேசியோடு தரையில். உள்ளே போனபிறகுதான் அண்ணைக்கு ஒன்று விளங்கியது. இந்த விளையாட்டில் நேரம் போகப்போக, சுற்றுக்குச் சுற்று கட்டாயமாகப் போடவேண்டிய வில்லை கூடிக்கொண்டே வரும். அவருக்குக் கிடைத்தது எட்டு மணிக்குக் கொடுத்த அதே அளவு. முதலே வந்தவர்களுக்கு முன்னால் குவியல் குவியலாக இருந்தது. நிதானமாக இருந்து படியவிட அங்கே இடமில்லை.

ஆனால் சுபநேரம் கைவிடவில்லை. வந்தது இரண்டு ராசா! போக்கரில் அதைவிட நல்ல கை ஒன்றே ஒன்றுதான், இரண்டு ஆசு. எதிரில் ஒருவன் தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினான். இப்படி ஒரு கை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் போடவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தியவர் அவர். கண்ணை மூடினார். திறந்தார். அவனிடம் இரண்டு ஆசு இருந்தால்? வந்தவுடனே வெளியேறினால் நாளைக்குத் தக்காளிக் கடைக்காரருக்கு என்ன சொல்வது? திரை ஓரத்தில், முடிவெடுக்க விட்ட நேரம் கடிகாரத்தில் சுருங்கிக்கொண்டு வந்தது. விரல் திரைக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நேரம் முடிந்ததும் இயந்திரம் அவருக்காக இரண்டு ராசாவையும் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டது. மிச்ச வில்லைகளை அடுத்த சுற்றுகள் தின்றன. ஒன்பதரைக்கு அண்ணை வெளியே வந்துவிட்டார்.

அண்ணை தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் மேலை போனனான்தானே," என்றார்.

"போனீங்கள். விளையாடினது ஆர்?" என்றார் ரதிதேவி.

ரூபிகா தலையை நிமிர்த்தாமலே பிரெஞ்சில் தீர்ப்புச் சொன்னாள்: இயந்திரம் விளையாடியது, அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மேன்முறையீடு இல்லை. அடுத்த திங்களிலிருந்து அண்ணை கோட் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். அங்கேயும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடிகாரம் ஓடும். சுற்றுவட்டத்தில் யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வியைத் தமிழில் விளக்கிவிட்டு, இரண்டு விடையும் சரியாக இருக்கலாம், பொறும் என்று அவர் யோசிக்கத் தொடங்கும்போதே ரதிதேவி அழுத்திவிடுவார். பெரும்பாலும் சரியாக இருந்தது. பிழையானால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

கோட் கிடைத்தது, பெர்மியும் கிடைத்தது, ஒரு பழைய காரும் வந்தது. முதல் தரம் அண்ணையை ஏற்றிக்கொண்டு போன திங்களன்று, நகரத்தைச் சுற்றி எல்லோரும் பறக்கிற அந்தப் பெரிஃபெரிக் நெடுஞ்சாலைக்கு இப்போதைக்குப் போகவேண்டாம், ஆர்ஜொந்தெய்த் தெருக்களில் ஒரு நூறு மணித்தியாலமாவது ஓடவேண்டும் என்று அவர் விதி சொல்லத் தொடங்கினாராம். "பொறும், இன்னும் கொஞ்சம் படியட்டும்" என்று முடிக்கும்போது இரண்டு பக்கமும் லொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரதிதேவி எப்போதோ பெரிஃபெரிக்குக்குள் போய்விட்டார். அண்ணை கதவுக்கு மேலே இருக்கிற பிடியை லா சப்பல் வரும்வரை விடவில்லை. இதைத் தேநீர்க் கடையில் அவரே சொன்னார், சொல்லும்போது முகம் முழுவதும் பெருமை. எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் ஐந்து யூரோவுக்குத் திரும்ப எப்போது என்று மிதுசன் கேட்டான். அண்ணை கோப்பையை எடுத்துக் கதவுப் பக்கம் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்குத்தான் போக்கரே தெரியாதே. கட்டப்போகிற வீடு, மாறப்போகிற வேலை, தம்பியிடம் கேட்கப்போகிற மன்னிப்பு, எல்லாம் வேறு விஷயம், அவற்றில் நீங்கள் வைத்திருக்கிற விதிகளும் நியாயமானவை, குறை சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: நீங்கள் யோசித்து முடிப்பதற்காகத் தன் திங்கட்கிழமைகளைக் கொடுத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்திருப்பது யார்? அவசரமில்லை. ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள்.