ஆர்வோவுக்காக ஒரு டிரெய்லர்

ரூடி ஜன்னல் திரையை விலக்கியபோது, பக்கத்து வீட்டு ஆர்வோவின் ஸ்னோமொபைல், பனியில் ஓட்டும் வண்டி, வேறொருவன் டிரெய்லரில் ஏறிக்கொண்டிருந்தது.

ரூடிக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாகச் சனிக்கிழமை என்றால் ஆர்வோ ரூடியோடுதான் பனிக்காட்டுக்குப் போவான். ரூடியின் பிக்கப் வண்டி, ரூடியின் டிரெய்லர், ரூடியின் மனைவி லோயிஸ் கறி வைத்துச் சுட்ட பேஸ்ட்டி. பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் வெளியே ஓடினான்.

"என்னடா ஆர்வோ, யாரு இது?"

"டெரெக். நான் வேலை பாக்கற சாலைப் பராமரிப்பு டிப்போவுக்குப் புதுசா வந்திருக்கான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு."

"நம்ம டிரெய்லருக்கு என்ன கேடு?"

"உன்னுது பத்தடிடா. என் புது வண்டிக்கு அடியில ஓடற டிராக் பட்டை நீளம். பின்னாடி ஒரு அடி தொங்குது. தம்பியோடதப் பாரு, எவ்வளவு கச்சிதம்."

தம்பியாம்! டெரெக் வாயே திறக்காமல் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். திமிர்தான் என்று ரூடி முடிவு கட்டினான்.

"போனா போறாரு, விடுங்க" என்றாள் லோயிஸ். "நமக்கு மூணு பேஸ்ட்டி மிச்சம்."

ரூடியால் விட முடியவில்லை. ஆர்வோ இல்லாமல் அது என்ன சனிக்கிழமை? நேரே பாலம் தாண்டி டிரெய்லர் கடைக்குப் போனான். அங்கே மிஷெல் என்ற பெண் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீள டிராக் வண்டி ரெண்டு ஏத்தணும்மா. திறந்த டிரெய்லர் போதும். என் சிநேகிதன் ஆர்வோவ ஒருத்தன் கொத்திட்டுப் போயிட்டான். டெரெக்னு ஒரு திமிர் பிடிச்ச பய. உம்மணாமூஞ்சி."

மிஷெலுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள்.

"பன்னிரண்டடி எடுத்துக்கோங்க சார். தளம் பின்பக்கம் தரை வரைக்கும் சாயும், அப்படியே ஓட்டி ஏத்திடலாம். இன்னிக்கே கொண்டு போயிடுங்க."

அடுத்த சனிக்கிழமை புது டிரெய்லரில் வண்டியை ஏற்றும்போது ஆர்வோ தாராளமாக ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். சாய்ந்திருந்த தளம் தொப்பென்று சமனானது. வண்டி நிற்காமல் போய் ரூடியின் பிக்கப்பை முட்டியது.

"டெரெக்கோடதுல இப்படி ஆகாதுடா" என்று சொல்லிவிட்டு ஆர்வோ பேஸ்ட்டியைக் கடித்தான்.

ரூடி மறுபடி கடைக்கு ஓடினான். மிஷெல் சலிக்கவே இல்லை.

"முன்னாடி தடுப்பு வச்சுத் தரேன் சார். முட்டாது. பனி உருக ரோட்டுல போடற உப்பும் வண்டி மேல தெறிக்காது."

தடுப்பு வந்ததும் வண்டிகளை முன்பக்கமாக இறக்க வழியில்லாமல் போயிற்று. நீள டிராக் வண்டியைப் பின்னுக்கு இழுப்பது லேசில்லை. ஆர்வோவுக்கு இடுப்பு வலி என்பதால் இரண்டையும் ரூடியே இழுத்தான். மாலையில் ரூடிக்கும் இடுப்பு வலி வந்துவிட்டது.

"டெரெக்கோடதுல முன்பக்கமாவே இறக்கிடலாம்" என்றான் ஆர்வோ. அதற்கடுத்த சனிக்கிழமை டெரெக்கோடே போனான்.

ரூடி அன்று சாப்பிடவில்லை. மறுபடி கடையில் போய் நின்றான்.

"அந்த டிரெய்லர மாத்திடுவோம் சார்" என்றாள் மிஷெல். "பின்னாடி ஏறி முன்னாடி இறங்கறது. ரெண்டு வண்டியோட ஹேண்டில்பாரும் இடிக்காம அகலமா இருக்கும். உங்க சிநேகிதர் இனி ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னா எனக்கு உடனே போன் பண்ணுங்க, ராத்திரியானாலும் பரவால்ல."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெண்ணா என்று ரூடி நெகிழ்ந்துபோனான்.

புது டிரெய்லர் கராஜை முழுசாக அடைத்துக்கொண்டது. லோயிஸின் கார் தெருவுக்கு வந்தது. இரவோடு இரவாகத் தெருப் பனியை ஓரம் தள்ளும் லாரி அதைக் கூரைவரை பனியால் மூடிவிட்டுப் போயிற்று. லோயிஸ் மூன்று நாள் பேசவில்லை, பேஸ்ட்டியும் சுடவில்லை. கடையில் வாங்கி வைத்துக்கொண்டு ரூடி காத்திருந்தான்.

சனிக்கிழமை ஆர்வோ டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தான். குறை அகப்படவில்லை. பெருமூச்சு விட்டுத் தன் வண்டியை ஏற்றினான்.

"இனிமே உன்னோடதான்டா."

ரூடிக்குக் கண் கலங்கிவிட்டது. வழியெல்லாம் ஆர்வோ தன் இடுப்பைப் பற்றியே பேசினான். பெட்ரோல் பங்கில் பர்ஸை மறந்துவிட்டதாகச் சொன்னான். ரூடிக்கு எல்லாம் தேனாக இனித்தது.

திங்கட்கிழமை ஒரு பெட்டி பேஸ்ட்டியோடு கடைக்குப் போனான்.

"உனக்கு எப்படிம்மா நன்றி சொல்றது? ஆர்வோ திரும்பி வந்துட்டான். அந்த டெரெக் மூஞ்சிய இப்ப பாக்கணும்!"

மிஷெல் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நன்றியெல்லாம் நாங்கதான் சார் சொல்லணும். டெரெக் என் வீட்டுக்காரர்தான். ஒரே டிப்போல வேலை, ஆர்வோகிட்ட வராதேன்னு அவரால சொல்ல முடியல. 'அந்த ரூடிக்கு எந்த டிரெய்லரையாவது குடுத்து ஆர்வோவக் கூட்டிட்டுப் போகச் சொல்லு'ன்னு ஒரு மாசமா என்கிட்ட அழுதுட்டிருந்தாரு."