மூன்றாம் எபிசோடில் மாப்பிள்ளை உயிர் பிழைத்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மாப்பிள்ளை உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம், முதல் வரியில் இதை எழுதுங்கள் என்று என் மனைவி நாற்காலிக்குப் பின்னால் நின்று மிரட்டியதால் முறை தவறி அப்படியே தொடங்கிவிட்டேன். இனி முறைப்படி: தாங்களும் சம்பந்தியம்மாவும் தேக ஆரோக்கியத்துடனும், தங்கள் பெயிண்ட் கடை குறைவில்லாத வியாபாரத்துடனும் இருக்க வேண்டுகிறோம். இங்கே நாங்கள் நால்வரும், என் மகளுக்கு இது ஏழாம் மாதம் என்பதைக் கணக்கில் சேர்த்தால் நாலே முக்கால் பேரும், நலம்.

செவ்வாய்க்கிழமை நான் போனில் "மாப்பிள்ளையை வெள்ளிக்கிழமை கொல்லப் போறாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது உண்மைதான். அதற்கு முன்னால் "நாடகத்துல" என்றும் சொன்னேன். அது தங்கள் காதில் விழவில்லை. அதற்குப் பின்னால் ஏழெட்டு நிமிஷம் விளக்கமாகப் பேசினேன். அதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்து, நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. தாங்கள் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு பஸ் நிலையம் வரை ஓடியதும், சம்பந்தியம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அழுததும், என் மகள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன பிறகும் "என் பிள்ளை குரலைக் கேட்டாத்தான் நம்புவேன்" என்று அவர் பிடிவாதம் பிடித்ததும் எல்லாம் பிறகு தெரிந்து நான் கூசிப்போனேன். மன்னிக்க வேண்டும். ஆனால் ஒன்று. மாப்பிள்ளை கடையை விட்டுவிட்டு நடிக்கப் போன நாளிலிருந்து இரண்டு வருஷம் பேசாமல் இருந்த தாங்களும் அவரும் அன்றைக்குத்தான் பேசினீர்கள். அவர் "அப்பா" என்றாராம், தாங்கள் "சாப்டியா" என்றீர்களாம். என் போனில் சார்ஜ் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொண்டு நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

இந்த இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை ஏற்ற வேஷங்கள் தங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே நல்லது. ஒரு விளம்பரத்தில் பல்வலிக்காரராக வந்தார். ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் கரடித்தோலுக்குள் இருந்தார். இரண்டு தொடர்களில் பிணம். அப்படி இருந்த நேரத்தில்தான் ரோமாபுரி கிளாடியேட்டர்களைப் பற்றி நாற்பது எபிசோடு தொடர் ஒன்றில் முகம் தெரிகிற வேஷம், பேசுகிற வேஷம் கிடைத்தது. அரங்கத்தில் வாள் சண்டை போடும் அடிமை வீரன். என் மகள் அழுதேவிட்டாள். குழந்தை பிறக்கிற நேரத்தில் வீட்டில் ஒரு நிலையான வேலை என்று நானும் என் மனைவியும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்து சரியாகப் பதினோரு நாள்.

போன திங்கள்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார், கை கழுவினார், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. "என்ன மாப்ள?" என்றேன். "என்னை மூணாவது எபிசோடுல கொன்னுடறாங்க மாமா" என்றார். "ஏன், என்ன தப்பு பண்ணீங்க?" "தொப்பை, மாமா." கிளாடியேட்டர் என்றால் வயிறு சலவைக்கல் மாதிரி கட்டு கட்டாக இருக்க வேண்டுமாம், கதாநாயகனுக்கு அப்படி இருக்கிறதாம், பக்கத்தில் இவர் நின்றால் வீரன் மாதிரி இல்லை, சமையல்காரன் மாதிரி இருக்கிறதாம், அதனால் வெள்ளிக்கிழமை கதாநாயகன் கையால் ஒரே குத்தாம். சொல்லிவிட்டு எழுந்துபோய், காலையில் துவைத்துக் காய்ந்திருந்த சட்டையை மறுபடி நனைத்துத் துவைத்தார். என் மகள் கதவருகே நின்று பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புப் பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து நானூறு பத்திரிகையிலும் பேனாவால் வைத்தவன் நான்தான். ஒரு பேராசிரியர் எழுதிய ரோமாபுரி அரங்கங்கள் பற்றிய நானூற்றுச் சொச்சம் பக்கப் புத்தகத்தை நான் இரண்டு முறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். பிழை தேடுகிறவனுக்கு விஷயம் மண்டையில் ஏறாது என்பார்கள், எனக்கு ஏறியிருந்தது. அலமாரியிலிருந்து அதை எடுத்து மூன்று நாள் புரட்டினேன். வியாழக்கிழமை மத்தியானம் "இருக்குடி!" என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கேரியரை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன் என்று சொல்லி உள்ளே போய், இயக்குநரைப் பார்த்து, மரியாதையாக இரண்டு பக்கத்தைக் காட்டிவிட்டு வருவதுதான் திட்டம். ஆனால் வாசலில் நின்ற காவலாளி என் நரைத்த தலையைப் பார்த்ததும் "பெருசுங்க எல்லாம் இடது பக்கம், சீக்கிரம், சீக்கிரம்" என்று தள்ள, இடது பக்கம் இருந்த ஒருவர் நான் வாயைத் திறப்பதற்குள் என் சட்டைக்கு மேலேயே ஒரு வெள்ளை விரிப்பைச் சுற்றி, "ரோம்ல கண்ணாடி கிடையாது" என்று என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அது சரியான திருத்தம் என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. இப்படியாக, கேரியரையும் புத்தகத்தையும் விரிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, ஒரு மணல் மைதானத்தைச் சுற்றிப் போட்ட மரப்படிகளில் அறுபது கிழவர்களோடு நானும் ரோமாபுரிப் பிரமுகனாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் ஒலிபெருக்கியில் சொன்னாள்: "வீரன் கீழ விழுந்ததும் எல்லாரும் கட்டை விரலைக் கீழ காட்டணும். 'கொல்லு கொல்லு'ன்னு கத்தணும். புரியுதா தாத்தாங்களா?"

வாளும் கேடயமும் மோதுகிற சத்தம் கேட்டது. கண்ணாடி இல்லாததால் எனக்கு இரண்டு மங்கலான உருவங்கள்தான் தெரிந்தன. அதில் ஒன்று விழுந்தது. விழுந்தது யார் என்று வயிற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சம்பந்தி, நாடகம் என்று எனக்குத் தெரியும். வாள் அட்டை என்றும் தெரியும். ஆனால் என் மகளுடைய புருஷன் மண்ணில் கிடக்கிறார், சுற்றி அறுபது பேர் கொல்லு கொல்லு என்கிறார்கள், பக்கத்துக் கிழவர் என் கட்டை விரலையும் பிடித்துக் கீழே திருப்புகிறார். எனக்குள் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறவன் எழுந்துவிட்டான். "பிழை!" என்று கத்தினேன். எல்லாச் சத்தமும் நின்றது. "பெரிய பிழை! யாரும் கொல்ல மாட்டாங்க!" என்று மறுபடி கத்த, விரிப்பு அவிழ, கேரியர் மூன்று அடுக்காகப் பிரிந்து படிகளில் உருண்டு இறங்க, மண்ணில் செத்துக் கிடந்த மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே "உட்காருங்க மாமா... மாமா, ப்ளீஸ்" என்றார்.

ஒலிபெருக்கிப் பெண்தான் இயக்குநர். முப்பது வயதுகூட இருக்காது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. நேராக என்னிடம் வந்தாள். "யாரு சார் நீங்க?" "வாசகன்" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். "அவருக்கு உறவா?" "இல்லை." "மாமான்னு கூப்பிட்டாரே?" "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க." அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வேலை போனது போனதுதான், விஷயத்தையாவது சொல்லிவிடுவோம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பித்தேன். அம்மா, ஒரு கிளாடியேட்டரைப் பயிற்சி கொடுத்துத் தயார் பண்ண வருஷக்கணக்காகும், தோத்தவனையெல்லாம் கொன்னா அடுத்த வாரம் சண்டைக்கு யார் இருப்பா? பெரும்பாலும் தோத்தவன் ஒரு விரலைத் தூக்கி உயிர்ப்பிச்சை கேட்பான், கையில் குச்சியோடு நடுவர் ஒருத்தர் நிற்பார், அவர் சண்டையை நிறுத்துவார், பல பேர் பிழைச்சு வீட்டுக்குப் போவாங்க. கட்டை விரல் மேலேயா கீழேயா என்பதே இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. அப்புறம் தொப்பை. அவங்க தின்னது பார்லியும் பயறும். 'பார்லி தின்னிகள்'னே அவங்களுக்குப் பட்டப்பேர். வயித்துல சதை இருந்தாத்தான் வெட்டு உள்ள இறங்காது. இங்க இருக்கிறதிலேயே நிஜமான கிளாடியேட்டர் மாதிரி இருக்கிறவர், அதோ, செத்துக் கிடக்கிறாரே, அவர் ஒருத்தர்தான்!

அவள் புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். அப்போது கதாநாயகன், அந்தச் சலவைக்கல் வயிற்றுக்காரர், மெதுவாக வந்து "அப்படின்னா நான் சாப்பிடலாமா?" என்று கேட்டார். வயிறு கட்டு கட்டாகத் தெரிவதற்காக மூன்று நாளாகச் சோறு தண்ணீரைக் குறைத்திருக்கிறார், பாவம். உருண்டும் மூடி திறக்காமல் தப்பித்த ஒரு கேரியர் அடுக்கை அங்கேயே மணலில் உட்கார்ந்து காலி செய்தார். அந்த மனிதர் முகத்தில் வந்த தெளிவைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. படித்துக்கொண்டே போன இயக்குநர், "இதுல எல்லாரும் முகம் மூடுற ஹெல்மெட் போட்டிருக்காங்களே" என்றாள். அது உண்மை. மாப்பிள்ளையைப் பிழைக்க வைத்து, முகத்தை நானே மூடிவிட்டேனே! நல்லவேளை, வலையும் சூலமும் வைத்துச் சண்டை போடுகிறவன் மட்டும் ஹெல்மெட் போட மாட்டான் என்று நினைவு வந்தது. சொன்னேன். சொன்ன உடனே கதாநாயகன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து "நான்தான் வலை" என்றார். ஒரு வலை வந்தது. முதல் தடவை வீசினார், அவர் தலையிலேயே விழுந்தது. இரண்டாவது தடவை வீசினார், விளக்குக் கம்பம் சாய்ந்தது. மூன்றாவது தடவை காமிராக்காரர் மாட்டிக்கொண்டார், அவரை வெளியே எடுக்கவே கால் மணி நேரம். கடைசியில் இயக்குநர் அலுத்துப்போய், "நீங்க ஒரு தடவை பாருங்க" என்று மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

சம்பந்தி, மாப்பிள்ளை அதை வாங்கினார், ஒரு உதறு உதறினார், இடுப்பைத் திருப்பி வீசினார். வலை வட்டமாக விரிந்து, அவ்வளவு பெரிய கதாநாயகனை ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் மூடி உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று இயக்குநர் கேட்டாள். "எங்கப்பா கடையில" என்றார் மாப்பிள்ளை. "தினமும் கடையை அடைக்கிறப்ப வாசல்ல அடுக்கியிருக்கிற பெயிண்ட் டப்பா மேல தார்ப்பாய் வீசணும். மூலை சரியா விழலைன்னா எங்கப்பா மறுபடி வீசச் சொல்வாரு. பன்னெண்டு வருஷம்." நான் என் கண்ணாடியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதன்பின் வலையை மாப்பிள்ளைக்கே கொடுத்து, கதாநாயகனுக்கு ஹெல்மெட்டை மாட்டி, காட்சியை மறுபடி எடுத்தார்கள். மாப்பிள்ளை தோற்றார், ஒரு விரலைத் தூக்கினார், குச்சிக்காரர் குறுக்கே வந்தார், அறுபது கிழவர்களும் "விட்டுடு விட்டுடு" என்று கத்தினோம். நான் கத்தியது கொஞ்சம் அதிகம் என்று இன்னொரு முறை எடுத்தார்கள். கதாநாயகன் ஜெயித்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தார். அப்படிச் செய்ததற்குப் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு திருத்தம் போதும். இயக்குநர் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு நாற்பது எபிசோடும் உண்டு, உடம்பை மட்டும் இளைக்க விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து என் மனைவி இரண்டாவது தடவை அடுப்பு பற்றவைத்தாள். என் மகளும் அவரும் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று யார் வயிறு பெரிசு என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நாலு நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு அது.

ஆகவே தாங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் கடையைத் திறக்கவும். பிரசவத்துக்குத் தாங்கள் இருவரும் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளையும் தாங்களும் பேசிக்கொள்ள அது வசதியாக இருக்கும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, எழுத்துப்பிழை இல்லாமல் வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது இயக்குநர் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் புத்தகத்தைத்தான் படித்தாளாம். பக்கம் 212 வரை வந்திருக்கிறாள். ஜனங்களுக்கு மிகவும் பிடித்துப்போன வீரனுக்கு ஒரு மரவாளைப் பரிசாகக் கொடுத்து விடுதலை பண்ணி அனுப்பிவிடுவார்கள் என்று அதில் இருக்கிறது. படித்ததும் அழுதுவிட்டாளாம். மாப்பிள்ளைக்கு ஏழாவது எபிசோடிலேயே மரவாள் கொடுத்துவிடப் போகிறாளாம். "சந்தோஷமா சார்? எல்லாம் உங்களாலதான்." என் மனைவி கை தட்டினாள். மாப்பிள்ளை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "விடுதலைன்னா வேலை போச்சுன்னு அர்த்தம் மாமா" என்றார். ஆனால் பக்கம் 214-இல், விடுதலையானவர்களில் பலர் மறுபடி பயிற்சிப் பள்ளிக்கே ஆசானாக வந்து சேர்ந்தார்கள் என்று தெளிவாக இருக்கிறது. அந்த 'பயிற்சிப் பள்ளி'யில் 'ப்' விட்டுப்போயிருந்தது, நான்தான் சேர்த்தேன். அவள் ஏழாவது எபிசோடை எழுதி முடிப்பதற்குள் நான் நேரில் போய் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.