மூன்று பேரை விமானம் ஏற்றிய கதை

"நூத்துக்குப் பதினேழு," என்றார் சதவீதம்.

தலைமை எழுத்தர் அப்போதுதான் மூன்று விமான டிக்கெட்டுகளையும் உறைக்குள் போட்டு ஒட்டப் போயிருந்தார். பசை விரலிலேயே நின்றது.

"என்ன சார் பதினேழு?"

"நாங்க இறங்கி மாறப்போற ஊர்ல இந்த மாசம் பனிமூட்டம். நூறு விமானத்துல பதினேழு தாமதம். அடுத்த விமானத்தை விட்டுட்டா நடுவழியில நிக்கணும். இதெல்லாம் தேவையான்னு யோசிச்சுப் பாருங்க."

சதவீதம், புள்ளியியல் பேராசிரியர். மழை வருமா என்று கேட்டால்கூட எத்தனை சதவீதம் வரும் என்றுதான் சொல்வார். மாணவர்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அவரும், துறைத் தலைவரும், மூத்த பேராசிரியையான அம்மையாரும் வெளிநாட்டில் நடக்கும் ஐந்து நாள் கருத்தரங்குக்குப் போகவேண்டும். தலைப்பு, 'குழுவாக முடிவெடுப்பது எப்படி?' கிளம்ப இன்னும் இருபத்தாறு நாள். அனுப்பிவைக்கும் பொறுப்பு எழுத்தருடையது.

அவருக்கு வீட்டில் அதைவிடப் பெரிய பொறுப்பு காத்திருந்தது. ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் ஒரே மகள் நிறைமாதம். மனைவி முன்பே அங்கே போய்விட்டாள். "எங்களை ஏத்திவிட்டுட்டு நீங்க லீவுல போங்க," என்று தலைவர் சொல்லியிருந்தார். விமானம் கிளம்பி நாலு நாள் கழித்துத்தான் பிரசவத் தேதி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"வேற வழியா மாத்திடறேன் சார். கவலையே படாதீங்க."

சதவீதத்தின் முகம் வாடியது. பாவம், பயம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று எழுத்தர் நினைத்துக்கொண்டார்.

பயண ஏஜென்சிப் பெண் தொலைபேசியில் உற்சாகமாக இருந்தாள். "வேற வழி இருக்கு சார். ஆனா அந்த நாட்டுல இறங்கி மாறினாலே தனி விசா வேணும்."

"எவ்வளவு நேரம் அங்க இருப்பாங்க?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்கார ஒரு விசாவாம்மா?"

"நின்னுக்கிட்டே இருந்தாலும் வேணும் சார்."

பாஸ்போர்ட்டுகளோ விசாவுக்காகக் கருத்தரங்கு நடக்கும் நாட்டின் தூதரகத்தில் இருந்தன. கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வாங்கினார். வாங்கிப் பிரித்துப் பார்த்தபோது இன்னொரு சிக்கல். தலைவருடைய பாஸ்போர்ட்டுக்கு ஆயுசு நாலே மாதம். ஆறு மாதமாவது இருக்கவேண்டும் என்பது விதி.

"நாலு மாசம்தான் இருக்கா?" தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அப்ப நான் போக முடியாதுன்னு சொல்லுங்க!"

அந்தக் குரலின் நடுக்கத்தை எழுத்தரால் தாங்க முடியவில்லை. "நான் இருக்கும்போது உங்களை அப்படி விட்டுடுவேனா சார்?"

தலைவர் மெல்ல உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து துறை வேன்தான் எழுத்தருக்கு வீடு. டிரைவர் வாயே திறக்காத மனிதர். ஏஜென்சி, தூதரகம், பாஸ்போர்ட் அலுவலகம் என்று எங்கே சொன்னாலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தலைவரின் அதிகாரக் கடிதத்தோடு பாஸ்போர்ட் அலுவலகத்தில் மூன்றாவது நாளாக எழுத்தர் காத்திருந்தபோது மனைவி கூப்பிட்டாள்.

"வலி வந்துடுச்சுங்க. இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு, அதுக்குள்ள வந்துடுச்சு."

"ஐயோ! இதோ கிளம்பறேன்..."

"நூற்று நாற்பத்தொன்று," என்றது ஒலிபெருக்கி. எழுத்தர் கையில் இருந்த சீட்டில் நூற்று நாற்பத்தொன்று. இதை விட்டால் அடுத்த வாரம்தான். கால் வாசலைப் பார்த்தது, உடம்பு கவுன்டரைப் பார்த்தது. கவுன்டருக்கே போனார். அதிகாரி காகிதங்களை ஒவ்வொன்றாக, சாவகாசமாகப் புரட்டினார். அரை மணியில் மறுபடி தொலைபேசி. அதற்குள்ளிருந்து வீல் என்று ஓர் அழுகை.

"பொண்ணுங்க! பேத்தி!"

"பெயர் என்ன?" என்றார் அதிகாரி.

"இன்னும் வைக்கலைங்க," என்றார் எழுத்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவரை மீண்டும் வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள்.

எப்படியோ புதுப் பாஸ்போர்ட் வந்தது. புது எண்ணோடு வந்தது. டிக்கெட், விசா விண்ணப்பம், அழைப்புக் கடிதம் எல்லாவற்றிலும் பழைய எண். வெளிநாட்டுக்கு எழுதிப் புதுக் கடிதம் வரவழைத்தார். அதில் தலைவரின் எண் சரியாக இருந்தது. அம்மையார் மட்டும் 'திரு' ஆகியிருந்தார்.

"நான் எப்படிங்க ஆம்பளையாப் போறது?" என்றார் அம்மையார். "பரவால்ல, விட்டுடுங்களேன். அவங்க ரெண்டு பேரும் போகட்டும்."

"உங்களை விட்டுட்டா? நல்லா இருக்கே மேடம்!" அன்றே அதையும் திருத்தினார்.

இரண்டு நாளில் அம்மையாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் தன்னால் நடக்க முடியாது என்றார். எழுத்தர் சக்கர நாற்காலிக்குச் சொன்னார். விமானக் கம்பெனி மருத்துவச் சான்று கேட்டது. டாக்டர் 'பயணம் உசிதமல்ல' என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு அம்மையார் இரண்டு மாடிகளையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார்.

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. டாக்டரே சொல்லிட்டார்."

"அவரை விடப் பெரிய டாக்டர் ஒருத்தரைப் பாத்து வச்சிருக்கேன் மேடம்."

பெரிய டாக்டர், 'தாராளமாகப் போகலாம்' என்று எழுதினார். அதைப் படித்து அம்மையாருக்குக் கண் கலங்கியது. இந்த நன்றி ஒன்று போதாதா என்று எழுத்தருக்குத் தோன்றியது.

அன்று மாலை மனைவி பேசினாள். "பேத்திக்கு ஒரு வாரம் ஆச்சு. உங்க பொண்ணு கேக்கறா, அந்த மூணு பேரும் அப்பாவுக்கு என்னைவிட உசத்தியான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

எழுத்தர் போனை வைத்தார். வெகுநேரம் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார். பிறகு எழுந்தார். போதும். இனி முடியாது. 'இந்தப் பயணமே நடக்காது, என்னை மன்னிச்சுடுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான்.

தலைவர் அறையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தரின் முகத்தைப் பார்த்ததும் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"என்ன? ஏதாவது சிக்கலா?" என்றார் தலைவர். "தயங்காம சொல்லுங்க."

"எதுவா இருந்தாலும் நாங்க தாங்கிப்போம்," என்றார் அம்மையார்.

சதவீதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று முகங்களிலும் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்து எழுத்தரின் நெஞ்சு இளகிவிட்டது. எத்தனை ஆசையோ! தொண்டைவரை வந்ததை விழுங்கினார்.

"ஒண்ணும் இல்ல சார். எப்பாடுபட்டாவது முடிச்சுடறேன்னு சொல்ல வந்தேன்."

மூன்று தலைகளும் மறுபடி கவிழ்ந்தன.

முடித்தும் விட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டாவது விசா வந்தது. மறுநாள் காலை விமான நிலையம் போகும் வழியெல்லாம், ஆபரேஷனுக்குப் போகிறவர்களைப் போல மூவரும் வேனில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தலைவர் எழுத்தரின் கையைப் பிடித்து, "எல்லாம் உங்களாலதான்," என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தர் கை ஆட்டினார். அவர்கள் மறைந்தார்கள்.

வேனுக்குத் திரும்பி முன் சீட்டில் சாய்ந்தார். பேத்தி பிறந்து பன்னிரண்டு நாள். இன்னும் முகம் பார்க்கவில்லை. மகள் பேசுவாளோ மாட்டாளோ.

"பஸ் ஸ்டாண்டுக்கு விடுப்பா. போனாப் போவுது, மூணு பேரோட ஆசையை நிறைவேத்திட்டேன். அது போதும்."

டிரைவர் சாவியைத் திருகவில்லை. முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"அவங்க மூணு பேருக்குமே போக இஷ்டமில்ல சார். எப்படியாவது இது நின்னு போயிடாதான்னு என்னென்னவோ காரணம் சொல்லிப் பாத்தாங்களாம், ஆனா நீங்க இவ்வளவு ஆசையா ஓடுறதைப் பாத்து வேணாம்னு சொல்ல மனசு வரலன்னு தனித்தனியா என்கிட்ட சொல்லி அழுதாங்க."