துணிக்கு இருபுறமும் முதல் வரிசை

ஈப்போ,
அட்சய வருடம், தை மாதம் 14

பத்து காஜா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக வீற்றிருந்து, கட்டுப் போடும் கலையில் கிந்தா ஜில்லா முழுதும் கீர்த்தி பெற்றவனும், என் அக்காள் பெற்ற ஒரே பிள்ளையுமாகிய சிரஞ்சீவி கார்த்திகேசுக்கு, உன் தாய்மாமன் பழனியப்பன் சகல ஆசீர்வாதங்களையும் அள்ளிக் கொட்டி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தையும் எங்கள் பதினொரு கோழிகளும் க்ஷேமம். பன்னிரண்டாவது கோழியின் க்ஷேமத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

இதற்குக் கீழே நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மாரியம்மன் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். நேரில் பார்த்த எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஈப்போ பாசாரில் இதை நான் சொன்னபோது மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு சீனர் எழுந்து நின்று, பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்கு மரியாதையாக வழி காட்டினார்.

போன மாதம் நீ எனக்கு எழுதியது நினைவிருக்கும். "மாமா, நான் இடது கைக்காரன் என்பதைப் பெண் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாலி கட்டும்போது தெரிந்து மணவறையில் ரகளை வேண்டாம். சொல்லாமல் நிச்சயம் செய்தால் நான் வரமாட்டேன்" என்று எழுதியிருந்தாய். எழுதுவது சுலபம். உன் அப்பா இல்லாத குறைக்கு மாப்பிள்ளை வீட்டுத் தலைவராக இருக்கும் உன் பெரியப்பா சன்னாசியோ என் காதைப் பிடித்து, "மச்சான், அந்தக் கைய பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் அவ தெரிஞ்சிக்கட்டும், அவ தலையெழுத்து" என்றார். பெண்ணின் தகப்பனார் ஐயாவு கங்காணியைத்தான் உனக்குத் தெரியுமே. ரப்பர் தோட்டத்தில் ஒருவன் இடது கையால் சம்பளம் வாங்கினான் என்பதற்காக, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அவனை மூன்று மாதம் கடைசியில் நிறுத்தியவர். ஆக, சொன்னால் ஐயாவு பெண் தரமாட்டார், சொல்லாவிட்டால் நீ வரமாட்டாய். நடுவில் நான், இரண்டு மாடு எதிரெதிராக இழுக்கும் ஒற்றை வண்டி மாதிரி.

அந்த நிலையில்தான் சனிக்கிழமை நானும் உன் பெரியப்பாவும் தாம்பூலம் மாற்றுவதற்காகச் செமோருக்கு அப்பால் ஐயாவுவின் தோட்டத்துக்குப் போனோம். போன அன்றைக்கா பயாஸ்கோப்பு வர வேண்டும்! சீனி என்று ஒருவன், மாட்டு வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு, சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புத்தம் புதுப் படம் என்று தமுக்கடித்துக்கொண்டு வந்துவிட்டான். பதினாறு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த துணியைப் பிரட்டுக்களத்தின் நடுவில் இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டினார்கள். துணி காய்ந்துபோனால் படம் மங்கும் என்று, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து நனைத்துக்கொண்டே இருக்க இருளாயி என்ற பால்வெட்டுக்காரியை ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் சரி, முதல் நாற்காலி யாருக்கு? ஐயாவு கங்காணி, "தோட்டம் நம்மது, நாற்காலியும் நம்மது" என்றார். உன் பெரியப்பா, "மாப்பிள்ளை வீட்டுக்காரன் ரெண்டாவது நாற்காலியில உக்காந்தான்னு செமோர்ல பேசணுமா? வண்டியக் கட்டு, போலாம்" என்றார். அங்கேதான் மருமகனே, உன் மாமனுடைய மூளை வேலை செய்தது. கல்யாணப் பந்தலில் என்ன செய்வோம்? பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். அதே முறைப்படி, துணிக்கு முன்பக்கம் முதல் வரிசையில் ஐயாவுவையும், துணிக்குப் பின்பக்கம் முதல் வரிசையில் உன் பெரியப்பாவையும் உட்காரவைத்தேன். இருவருக்கும் முதல் வரிசை! நனைந்த துணியில் படம் இரண்டு பக்கமும் தெரியும். என் சமயோசிதத்தை அன்றைக்கு மாடுகள்கூட மெச்சின.

படத்தில் அருவாள் மீசை வைத்த ஒரு வாலிபன், கூடை கவிழ்த்த தொப்பி போட்ட ஒரு துரைசாணி, குளத்தில் விழுவதற்கென்றே பிறந்த அவளுடைய தகப்பன், அவர்களைவிட நன்றாக நடித்த ஒரு குதிரை. நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்தது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து திரும்பித்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நேராக இருந்தாலும் எனக்கு அதே கதிதான். உன் பெரியப்பா கேட்டபோதெல்லாம் "பொண்ணோட அப்பாவுக்கு வயித்து வலியாம்" என்று மொழிபெயர்த்துச் சமாளித்தேன். பாதியில் பெண் மங்களம் சுற்றி வந்து எனக்குத் தேநீர் டம்ளரை நீட்டியது. அதுவும் இடது கையால் நீட்டியதாகத் தோன்றியது. துணிக்குப் பின்னால் வந்தவர்களுக்கு எல்லாமே இடதாகத்தான் தெரியும்போலிருக்கிறது என்று வாங்கிக் குடித்துவிட்டேன். பிறகு அந்த வாலிபன் மண்டியிட்டு, துரைசாணியின் விரலில் மோதிரம் போட்டான். உன் பெரியப்பா நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனார். "மச்சான், இடது கையால போடுறான்! நம்ம பையன் சங்கதிய எவனோ சீமைக்கு எழுதிட்டான்! நம்மளக் கேலி பண்ணத்தான் இந்தப் படத்தையே புடிச்சிருக்கானுவ!" என்றார்.

படம் முடிந்ததும் இரண்டு சம்பந்திகளும் கம்பத்தடியில் சந்தித்தார்கள். நாட்டில் எத்தனையோ விமர்சகர்கள் எத்தனையோ படத்துக்கு அடித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் இந்த மாதிரி ஒரு கூட்டத்தை நீ கண்டிருக்கமாட்டாய்.

"படம்னா இது படம்ணே!" என்று ஆரம்பித்தார் ஐயாவு. "அந்தத் தம்பி வலது கையால எவ்வளவு பாங்கா மோதிரம் போட்டுச்சு! வளர்ப்புன்னா அது வளர்ப்பு!"

"குத்திக் காட்டுறீங்களா? அது இடது கை."

"வலது கைண்ணே."

"என் கண்ணு என்ன பொட்டையா? இடது!"

"கண்ணு முன்னாடி நடந்ததையே மாத்திச் சொல்ற வீட்ல எம்பொண்ணு எப்படிப் பொழைக்கும்?"

"வலது இடது தெரியாத வம்சத்துல நாங்க எப்படிப் பொண்ணு எடுப்போம்?"

மாற்றிக்கொள்ள வேண்டிய தாம்பூலத் தட்டு திரும்ப வீட்டுக்குள்ளே போய்விட்டது. விடிவதற்குள் தோட்டமே இரண்டாகப் பிரிந்தது. முன்பக்கம் உட்கார்ந்த லயத்துக் குடியிருப்புக்காரர்கள் படம் தெய்வீகம் என்றார்கள், பின்பக்கத்தார் ஒழுக்கக்கேடு என்றார்கள். இரு தரப்பையும் சேராத கிழட்டுப் பால்வெட்டுக்காரர் ஒருவர், "அத்தினி மரம் காட்டுனானே, ஒண்ணுலயாச்சும் வெட்டுக்கோடு இருந்துச்சா? பாலு எடுக்கத் தெரியாத ஊரு, அது ஒரு படமா?" என்று ஒரே வரியில் முடித்தார். பின்பக்கக் கட்சிக்காரர்கள் ரோஷத்தில் அன்று இடது கையால் மரம் வெட்டினார்கள் என்றும், பால் கீழே இறங்க மறுத்து மேல்நோக்கி ஓடிக் கிளையில் உறைந்தது என்றும் சொல்கிறார்கள். நான் பார்த்தேன்.

அப்போதுதான் இருளாயி வாளியோடு என்னிடம் வந்தாள். "அண்ணே, நான் ரெண்டு பக்கமும் நடந்தவ. இந்தப் பக்கம் வலது, அந்தப் பக்கம் இடது. துணி அப்படித்தாண்ணே காட்டுது. அந்தத் துரைசாணி அழுதான்னு ஐயாவு அண்ணன் உருகுறாரே, அந்தக் கண்ணீரு நான் ஊத்துன தண்ணி."

நாற்காலி போட்டது நான். உண்மை தெரிந்தால் இரண்டு கட்சியும் ஒன்றுசேர்ந்து என்னைத்தான் வெட்டுவார்கள். ஆகையால் அவள் வாயை வெற்றிலை கொடுத்து மூடிவிட்டு, மறுநாளும் அதே படத்தை ஓட்டச் சொல்லி சீனியின் காலில் விழுந்தேன். "மரியாதை சரிசமமா இருக்கணும்" என்று பிரகடனம் செய்து பக்கங்களை மாற்றினேன். ஐயாவு பின்னால், உன் பெரியப்பா முன்னால். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்துவிட்டால் வழக்குத் தீர்ந்ததல்லவா?

தீரவில்லை. மோதிரம் போட்டு முடிந்ததும் ஐயாவு தலைகுனிந்து துணியைச் சுற்றி வந்தார். "அண்ணே, மன்னிச்சிருங்க. நீங்க சொன்னதுதான் சரி. இடது கைதான்."

உன் பெரியப்பாவும் கண் கலங்க எழுந்தார். "இல்லலா ஐயாவு, நான்தான் தப்பு. நல்லாப் பாத்துட்டேன். வலது கைதான்."

"பெருந்தன்மைக்குச் சொல்லாதீங்க. இடது."

"நான் ஏன் பெருந்தன்மைக்குச் சொல்றேன்? வலது!"

"நேத்து நீங்கதானே இடதுன்னீங்க!"

"நேத்து நான் சொன்னது பொய்யின்னு நானே சொல்றேன், கேக்கமாட்டியா?"

"நீங்க பொய் சொல்லலேன்னு நான் சொல்றேன், நீங்க யாரு அத மறுக்க?"

முந்தின நாள் எதிராளி சொன்னதற்காக இன்று இருவரும் கைகலக்கும் நேரம். இருளாயிக்குப் பொறுமை போய்விட்டது. வாளியைக் கீழே வைத்து, கம்பத்தில் இருந்த கயிற்றை ஒரே இழுப்பு. பதினாறு வேட்டியும் சரிந்து விழுந்தன. சீனி மெஷினைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. படம் நேரே போய் ஐயாவு கங்காணியின் வெள்ளைச் சட்டையில் விழ, அந்த வாலிபன் அவருடைய தொப்பையில் மண்டியிட்டு நின்றான். குதிரை அவர் காதுக்குள் ஓடி மறைந்தது. ஒரே பக்கத்தில், ஒரே வெளிச்சத்தில் மாட்டிக்கொண்ட உன் பெரியப்பா, போலீஸ் பிடித்தவர் மாதிரி நடுங்கி, "ஐயாவு! எங்க பையன் கார்த்திகேசு இடது கைக்காரன்!" என்று முழுத் தோட்டத்துக்கும் கேட்கும்படி கத்திவிட்டார்.

ஐயாவு தன் தொப்பையைக் குனிந்து பார்த்தார். "இந்தத் தம்பியும் இடது கையாலதான் போட்டுச்சு. அந்தப் பொண்ணு என்ன, விரலை இழுத்துக்கிட்டாளா?" என்றார். பிறகு உள்ளே போன தாம்பூலத் தட்டு வெளியே வந்தது. எந்தக் கையால் கொடுப்பது என்று மறுபடி கச்சேரி ஆரம்பிக்காமல் இருக்க, அவர் இரண்டு கையாலும் கொடுத்தார், உன் பெரியப்பா இரண்டு கையாலும் வாங்கினார். வைகாசி 12ஆம் தேதி கல்யாணம்.

மகா காளியம்மன் உனக்கு நீண்ட ஆயுளும், எனக்கு அந்தக் கல்யாணத்தில் துணிக்கு எந்தப் பக்கமானாலும் முதல் நாற்காலியும் அருள்வாளாக. அத்தை உனக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறாள். கொண்டுவருகிறவன் நல்லவனாக இருந்தால் பாதி வந்து சேரும்.

இப்படிக்கு,
சத்தியம் தவறாத உன் மாமன்,
பழனியப்பன்

பி.கு.: படம் ஓடவே இல்லை. அன்று சரியான மழை. பயாஸ்கோப்பு வண்டி செமோர் சேற்றில் புதைந்தது. சீனி, இருளாயி, பதினாறு வேட்டி, குதிரை எல்லாம் நானாகச் சேர்த்தது. மழைக்கு நாங்கள் மூன்று பேரும் ஐயாவுவின் கூடத்தில் தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான்தான் உன் கையைப் பற்றிச் சொன்னேன். உன் பெரியப்பா என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தார். ஐயாவு தட்டைப் பார்த்தார். தட்டு உள்ளே போய்விடும் என்றுதான் நினைத்தேன். அப்போது மங்களம் தேநீர் கொண்டுவந்து டம்ளரை என்னிடம் நீட்டியது. ஐயாவு கூரையைப் பார்த்து, "நானும் இத எப்படிச் சொல்றதுன்னுதான் ஒரு மாசமா முழிச்சிக்கிட்டிருந்தேன் பழனியப்பண்ணே" என்றார்.

மேலே நான் எழுதிய கதையில் அந்த டம்ளர் ஒன்றுதான் நிஜம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது இடது கைதான். தேதியும் அதே வைகாசி 12. லீவுக்கு இன்றே எழுதிப் போடு, எந்தக் கையால் எழுதினாலும் சரி.