கொஷீஞ்ஞா நேர்த்தி

இந்தக் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மீன், இறைச்சி என்று மச்சமே தொடாத விரதம் என்று குகதாசன் கோயிலில் நாலு பேர் காதுபடச் சொன்னபோது, அவருடைய வயிற்றை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது எழும்பி ஓடியிருக்கும். ஆனால் பின்வாங்க வழியில்லை. பரிஸுக்கு வெளியே கார்ஜில் இருக்கும் மகள் நிரோஜினிக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. தாயும் தகப்பனும் விரதமிருந்தால் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்பது மனைவி தில்லைநாயகியின் தீர்ப்பு. மரக்கறிக் கடையில் காசாளராக நிற்பவர். அவரிடம் மிச்சம் பேச முடியாது.

இரண்டு நாள் தாங்கினார். பிறகு கால் தன்பாட்டில் நடந்தது. தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மீன் ரோல்ஸைக் கடித்தால், அது தொண்டையால் இறங்குமுன் செய்தி வீட்டுப் படி ஏறிவிடும். ஆகவே மார்க்ஸ் டோர்மோய் பக்கம் போனார். அங்கே லாரா என்ற பிரேசில்காரி தெருவோரம் எண்ணெய்ச் சட்டி வைத்திருந்தாள். தமிழ்க் கண் படாத இடம்.

கோழி போட்டது ஒன்று கேட்டார். கொஷீஞ்ஞா வந்தது. கோழிக்கால்போலக் கூம்பிய பலகாரம். தட்டில்லை, கதிரையில்லை, தாளில் பிடித்து நின்றபடி தின்ன வேண்டும். கூர்நுனியை முதலில் கடி, ஆவியைப் போகவிடு, அந்த ஓட்டைக்குள் மிளகாய்ச் சாறு ஊற்று, ஒவ்வொரு கடிக்கும் இன்னொரு சொட்டு என்று லாரா வகுப்பெடுத்தாள். குகதாசன் சுவரைப் பார்த்து நின்று படித்தார். அடுத்த நாளும் வகுப்புக்குப் போனார்.

ருசி நாக்கோடு போய்விட்டது. பயம் போகவில்லை. வீட்டில் படத்திலிருந்த வேல் தன் பக்கம் சரிந்திருப்பதாகப் பட்டது. மயில்கூட முறைத்தது. தில்லைநாயகி மூக்கை உறிஞ்சினால் இவருக்கு வியர்த்தது. அது வெறும் சளித் தடிமன்.

அன்று பின்னேரம் மருமகன் தனோஜன் ரெலிபோன் எடுத்தார். வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார். குறித்த நாளுக்கு முன்னமே வலி. குகதாசன் படத்து மயிலைப் பார்த்தார். அந்தக் குஞ்சுக்கு ஏதும் நடந்தால்?

"இஞ்சேரும், நான் ஒரு பாவம் செய்துபோட்டன்."

"என்ன?"

"கோழி."

தில்லைநாயகி கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"எனக்கேன் சொல்லுறியள்? அவருக்குச் சொல்லுங்கோ."

"முருகா, ஒரு மாசத்துக்கு மச்சம் தொடன்."

"பேரப்பிள்ளைக்கு ஒரு மாசந்தானோ?"

"ஒரு வருசம்."

தில்லைநாயகி கற்பூரத்தைப் பார்த்தார். அது அணையப் போனது.

"சாகுமட்டும்" என்றார் குகதாசன், அழாக்குறையாக. அடித்துச் சத்தியமும் செய்தார்.

விடிய முன்னம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரி நடையில் குகதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முருகன் தன்னை மன்னித்துவிட்டான் என்றார்.

"மன்னிக்க என்ன கிடக்கு? நீங்கள்தான் விரதத்தை முறிக்கேல்லையே."

குகதாசன் விழித்தார். தில்லைநாயகி ஆறுதலாகச் சொன்னார். மச்சம் தின்னாதவர்களுக்குக் கோழிக்குப் பதிலாகப் பிலாக்காய் வைத்துச் சுடுவதற்கு, லாரா தகரத்தில் அடைத்த பிலாக்காய் வாங்குவதே தன்னுடைய கடையில்தான். வேலை முடிந்த தன்னை இவர் கூட்டிப்போக வருவதை அவள் எத்தனை தரம் கண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் விரதம் என்பதும் அவளுக்குத் தெரியும். இவர் கோழி கேட்டதும், கொடுக்குமுன்னமே தனக்குச் செய்தி போட்டுவிட்டு, பிலாக்காய் வைத்ததைத்தான் கொடுத்திருக்கிறாள்.

"ஈஸ்ரருக்கு முந்தித் தவக்காலத்திலை தாங்களும் இறைச்சி தொடமாட்டினமாம். பாவம், அந்தப் பிள்ளைக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லை."

குகதாசனுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது.

"அப்ப நான் கோழியே தின்னேல்லை. அப்ப அந்த நேர்த்தி..."

"அது முருகனுக்கு வைச்சது. இறைச்சியைக் குறையுங்கோ எண்டு டொக்டர் எத்தனை வருசமாய்ச் சொன்னவர், கேட்டனீங்களே?"

"இஞ்சேரும்..."

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. லாராட்டைச் சொல்லிப்போட்டன். உங்களுக்கு இனி எப்பவும் பிலாக்காய்தான்."